ரெண்டு நூல் ஸ்பேனர்

"ரெண்டு நூல் எடுடா" என்றார் மேஸ்திரி. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கடையில் பையனாகச் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. 1973. எனக்குப் பதின்மூன்று வயது. விழுப்புரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, அதுதான் கடை. பக்கத்தில் தையல்காரர். நான் ஓடிப்போய் அவரிடம் கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு முழ நூல் வாங்கிவந்து நீட்டினேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. புல்லட்டுக்குக் கீழே படுத்திருந்தவர் கையை மட்டும் வெளியே நீட்டி நூலை வாங்கினார், காதில் செருகிக்கொண்டார், "சரி, இப்ப ஸ்பேனர எடு" என்றார். சாயங்காலம் வரை அந்த நூல் அவர் காதிலேயே இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் "இன்னா மேஸ்திரி, காதுல?" என்று கேட்க, அவர் பதில் சொல்லாமல் என் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்பேனர் இன்றைக்கும் என் கடைச் சுவரில், அவருடைய காக்கிப் பையில், அதற்கான வீட்டில் இருக்கிறது.

நூல் என்பது இரும்புக் கடையிலும் கொத்தனார், வெல்டிங்காரர் வாயிலும் இன்னும் புழங்குகிற அளவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல். ரெண்டு நூல் கால் அங்குலம். ஸ்பேனரில் 1/4 என்று வெட்டி, பக்கத்தில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கும். ஆனால் வாயை அளந்து பார்த்தால் கால் அங்குலம் வராது. அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே, 13.3 மில்லிமீட்டர் வரும். கால் அங்குலம் என்பது போல்ட்டின் தண்டு. அந்தத் தண்டின் தலையைப் பிடிக்கிற ஸ்பேனருக்கும் அதே பெயர். ஆளின் பெயரையே அவன் வீட்டுக்கும் வைத்த மாதிரி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

டபிள்யூ என்பது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841-ல் வகுத்த மரை அளவு. அதுவரைக்கும் ஒவ்வொரு பட்டறையும் அதனதன் மனம்போல மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் செய்த நட்டு இன்னொருவன் போல்ட்டில் ஏறாது. அவர்தான் மரையின் சரிவு 55 டிகிரி, இந்தப் பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு வைத்தார். பின்னால் நுண்மரை வந்தபோது அதற்கு பி.எஸ்.எஃப். என்று வேறு பெயர், வேறு எண். ஆகவே ஒரே வாய்க்கு ஒருபுறம் 1/4 டபிள்யூ, மறுபுறம் 5/16 பி.எஸ்.எஃப். என்று இரண்டு முத்திரை இருக்கும். எங்கள் மேஸ்திரிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவருக்கு எல்லாமே ஒன்றரை நூல், ரெண்டு நூல், ரெண்டரை நூல். பிசகியதே இல்லை.

இங்கிலாந்துக்காரரின் மரை விழுப்புரத்துக்கு எப்படி வந்தது என்றால், திருவொற்றியூர் வழியாக வந்தது.

1949-ல் கே.ஆர். சுந்தரம் ஐயர் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸைத் தொடங்கி இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்தார். எல்லையில் ரோந்து சுற்ற ராணுவம் புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தது. கேட்ட வண்டிகளை எல்லாம் கப்பலிலேயே கொண்டுவருவதைவிட இங்கேயே செய்யலாம் என்று, 1955-ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்கின. பட்டினத்தார் அடங்கிய ஊரில், வடிவுடையம்மன் ஊரில், அந்தத் திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலை எழும்பியது. ஆரம்பத்தில் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன, இங்கே கோத்தார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டி. அப்புறம் ஒவ்வொரு பாகமாக இங்கேயே வார்த்துக் கடைந்து, கடைசியில் முழு வண்டியும் உள்ளூர் சரக்கானது.

அதே 1956-ல்தான் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகச் சேரும் வீசையும் போய் கிலோவும் லிட்டரும் வந்தன. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது சென்டிமீட்டர். கடைக்கு வந்தால் நூல். கோயில் கொடிமரம் மாதிரி புல்லட் மட்டும் பழைய அளவில் நின்றுகொண்டிருந்தது. அளவைக் கொடுத்த இங்கிலாந்தே 1965-ல் மெட்ரிக்குக்கு மாறுவதாகச் சொல்லிவிட்டது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. இங்கே நாங்கள் விட்வொர்த் ஸ்பேனரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தோம். 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பெண் கொடுத்த வீட்டுக்குப் பேத்தி மருமகளாகப் போன கதை. செய்தியைப் பேப்பரில் பார்த்து வாத்தியார் ஒருவர் படித்துக் காட்டியபோது மேஸ்திரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க இப்ப ரெண்டு நூல் ஸ்பேனர் கெடைக்குமா சார்?"

நியாயமான கேள்வி. இங்கேயே கிடைக்கவில்லை. கடைகளில் ஜலந்தர் ஸ்பேனர் மெட்ரிக்கில் குவிந்து கிடக்கும். பன்னிரண்டு பதின்மூன்று, பதினான்கு பதினைந்து என்று இருபக்க வாய். ரெண்டு நூல் போல்ட்டில் 13 நுழையாது. 14 நுழையும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் ஆறு முனையும் மழுங்கி போல்ட்டின் தலை உருண்டையாகிவிடும். அதற்கு மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். ஒடிந்த ஆக்ஸா பிளேடில் அரை விரல் நீளம் எடுத்து, 14-ன் வாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவில் செருகினால், அச்சு வார்த்த மாதிரி உட்காரும். பிளேடின் கனம் 0.6 மில்லிமீட்டர் சொச்சம், இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்குப் போட்டு இதை நான் தெரிந்துகொண்டது எத்தனையோ வருஷம் கழித்து. அவர் கையால் கண்டுபிடித்தது. அந்தப் பிளேடு துண்டும் காக்கிப் பையில் ஒரு சாமான்.

அந்தப் பையின் கதை இன்னும் பின்னால் போகிறது. மேஸ்திரி சிறுவனாகச் சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஷெட்டில் வேலை கற்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகள் ஏலத்தில் வெளியே வந்த காலம். பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16 எச். செய்தி கொண்டுபோகும் சிப்பாய்கள் ஓட்டிய வண்டி. அந்தச் சிப்பாய்க்கு வழியில் பட்டறை கிடையாது, எதிரில் வருகிறவன் உதவுவான் என்பதற்கும் உறுதி கிடையாது. ஆகவே வண்டியோடு கான்வாஸ் துணியில் ஒரு சுருள் கொடுப்பார்கள். விரித்தால் வரிசையாக வீடு வீடாகத் தைத்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பேனர். சுருட்டி வாரால் கட்டினால் உள்ளே ஒரு சத்தம் வராது. ஒன்று குறைந்தாலும் அந்த வீடு வாயைப் பிளந்துகொண்டு காட்டிக்கொடுக்கும். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போயிற்று. விழுப்புரத்தில் தனிக்கடை போட்டதும், கிழிந்த லாரித் தார்ப்பாயில் நல்ல பக்கத்தை வெட்டி, முன்னே சொன்ன தையல்காரரிடம் கொடுத்து அதே மாதிரி தைத்துக்கொண்டார். உள்ளே போட விட்வொர்த் செட் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலில் பொறுக்கியது. 1985-ல் அந்த மார்க்கெட் எரிந்த செய்தி வந்த அன்று மேஸ்திரி கடையைத் திறக்கவில்லை. அவருக்கு அது ஸ்பேனர் கிடைக்கிற இடம் மட்டுமில்லை போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

புல்லட் வாங்கினால் கம்பெனியும் சாமான் கொடுக்கும். இருபக்க வாய் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், அதைத் திருப்ப ஒரு கம்பி, திருப்புளி, டயர் லீவர், டேப்பட்டுக்கு மெல்லிய ஸ்பேனர். வண்டியின் பக்கப் பெட்டியில் கிடக்கும். அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளில் காற்றடிக்கும் பம்பையே சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். ஓட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றிப் பூட்டவும் தெரியும் என்று கம்பெனியே நம்பிய காலம். தெரியாமல் முடியவும் முடியாது. திண்டிவனம் தாண்டினால் விக்கிரவாண்டி, அதை விட்டால் விழுப்புரம். நடுவே புளியமரம்தான்.

ஆனால் கம்பெனி பையோடு யாரும் நின்றதில்லை. வருஷா வருஷம் ஒவ்வொருவர் பையும் வேறாகிக்கொண்டே வந்தது. வளவனூர்ப் பக்கம் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். அவர் பையில் ஒரு பார் சோப்பு இருக்கும். முதலில் கை கழுவத்தான் என்று நினைத்தேன். பெட்ரோல் டாங்க்கில் அடிக்கடி ஊசித்துளை விழுகிற வண்டி அவருடையது. துணி சோப்பைப் பெட்ரோல் கரைக்காது. ஒழுகும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அடைத்துக்கொள்ளும், ஊர் வந்து சேரலாம். நெல் வியாபாரி ஒருவர் பையில் கோணி ஊசியும் சணலும். ஒருமுறை வெளி டயர் பிளந்து அவர் பட்ட பாடு அது. மின்வாரியத்தில் வேலை செய்தவர் பையில் ஃபியூஸ் கம்பி மட்டும் ஒரு கண்டு இருக்கும், ஸ்பேனர் ஒன்றுகூட இருக்காது. "பையில இருக்கிறது ஒவ்வொண்ணும் ஒருநாள் ரோட்டுல நின்னதுக்கு ரசீதுடா" என்பார் மேஸ்திரி. புதுசாக வண்டி எடுத்தவர் வந்து, என்னென்ன வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் சொல்லவே மாட்டார். "ஓட்டுங்க சார், தானா சேரும்."

சேர்ந்ததில் முக்காலுக்கும் காரணம் மூன்று: கிளட்ச் கேபிள், பாயிண்ட், பிளக்.

கேபிள் அறுவது பெரும்பாலும் கைப்பிடி அருகில், உருண்டையான நிப்பிள் உட்காரும் இடத்தில். ஒவ்வோர் இழையாக அறும். கடைசி இழை அறுந்தபிறகுதான் ஓட்டுகிறவருக்குத் தெரியும். மேஸ்திரி புதுக் கேபிளைப் பையில் வைக்கவிடமாட்டார். பையில் மடித்தால் மடிப்பு விழும். அதற்கு எண்ணெய் விட்டு, இரு முனையையும் பாலிதீனில் சுற்றி, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கேபிளோடு ஒட்டிப் படுக்கவைத்து அங்கங்கே டேப் போட்டுவிடுவார். அறுந்தால் பாதை தேட வேண்டியதில்லை, இந்த முனையை எடுத்து அங்கே மாட்டினால் ஆயிற்று. அதுவும் இல்லாதவர்கள் கிளட்ச் இல்லாமலே வருவார்கள். முதல் கியரைப் போட்டுத் தள்ளிக்கொண்டே ஓடி, என்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். தலைமையாசிரியர் ஒருநாள் வேட்டியோடு அப்படி வந்தார். எங்கள் கடை வாசலில் நிறுத்த முடியாமல் எதிரிலிருந்த வைக்கோல் போரில் ஏற்றினார்.

பாயிண்ட் சமாச்சாரம் அவ்வளவு எளிதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பிளக்கில் பொறி பறக்க வேண்டிய நேரத்தில் மின்சாரத்தை வெட்டுகிற ஒரு ஜோடிக் குமிழ், சின்ன முத்துகள் மாதிரி, ஒன்றையொன்று தொட்டு விலகும். விலகும்போது பதினைந்து தவு இடைவெளி வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. அதைத் திறக்கவைக்கிற ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், வண்டி இருமும், மேடேறாது. கேஜ் வைத்து அளக்கலாம். ரோட்டில் கேஜுக்கு எங்கே போவது? மேஸ்திரி சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து வைப்பார். கடைக்கு வந்து கேஜ் போட்டுப் பார்த்தால் ஒரு தவு, இரண்டு தவு வித்தியாசம் இருக்கும்.

எந்த நொடியில் திறக்கிறது என்பதற்குப் பீடிக்கட்டின் மேல் சுற்றிய மெல்லிய தாள். அந்தத் தாளை இரு குமிழுக்கும் நடுவில் கடிக்கக் கொடுத்து, இடது கை விரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிக்கரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தவேண்டும். தாள் இறுக்கமாக இருக்கும், இருக்கும், இருக்கும். சட்டென்று நழுவி வரும். நழுவிய அந்த இடம்தான் பொறி. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அன்று ஒரு கட்டுத் தாளையும் கிழித்துத் தீர்த்தேன். இழுப்பு கொஞ்சம் கூடினாலும் கிழியும், குறைந்தால் நழுவியது தெரியாது. "கொழந்த கையில இருந்து மிட்டாய் காகிதத்த எடுக்கிற மாதிரிடா. அது அழக்கூடாது." குழந்தை அன்று நிறைய அழுதது. ஆக, பீடி குடிக்காத மேஸ்திரியின் பையில் ஒரு பீடித்தாள் எப்போதும் இருந்தது.

டேப்பட் இதைவிட அழகு. பக்கத்து மூடியின் ஒரே நட்டைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடும் தெரியும். அதற்கு அளவே கிடையாது. என்ஜின் ஆறியிருக்கும்போது ராடு விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலே கீழே ஆடக்கூடாது. இடைவெளி பூஜ்யம், ஆனால் இறுக்கமில்லை. இரண்டு மெல்லிய ஸ்பேனர், ஒரு கட்டைவிரல், ஓர் ஆள்காட்டி விரல், அவ்வளவே கருவி.

மூன்றாவது பிளக். அதில் எனக்கு ஒரு சொந்த ரசீது உண்டு.

1982. செஞ்சியில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தேன், மேஸ்திரியின் புல்லட்டில், தனியாக. கடைசிப் பஸ்ஸும் போய்விட்டது. வழியில் வண்டி இரண்டு தடவை இருமி நின்றது. பிளக்கைக் கழற்றினால் எண்ணெயில் குளித்திருந்தது. பரவாயில்லை, பையில் புதுசு இருக்கிறது. எடுத்து மாட்டினேன். பத்து உதை, இருபது உதை. ஒன்றும் இல்லை. இருட்டில் குனிந்து பார்த்தபடி கையால் கிக்கரை அழுத்தினேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் நீல நிறத்தில் ஒரு புழு நெளிந்து மறைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி புழு. பீங்கானில் மயிரிழை விரிசல், பொறி உள்ளே போகாமல் வெளியே குதித்துக்கொண்டிருந்தது. அந்தப் புது பிளக்கை ஸ்பேனர்களோடு சும்மா போட்டு வைத்தவன் நான். மேஸ்திரி சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார். புல்லட் நடுக்கத்தில் ஸ்பேனர் ஸ்பேனரையே தேய்க்கும், பீங்கானை விடுமா? பழைய பிளக்கையே எடுத்து, உப்புத்தாளால் சுரண்டி, ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டுத் தீக்குச்சி வைத்து எரித்து, ஆறியதும் மாட்டி, விடியற்காலை விழுப்புரம் வந்தேன். மேஸ்திரியிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, விரிசல் விட்ட பிளக்கை அவர் என் டிபன் பாக்ஸில் வைத்திருந்தார்.

பையில் எதை வைப்பது என்பதைவிட எப்படி வைப்பது என்பதுதான் வித்தை என்று அதற்கப்புறம் எனக்கு உறைத்தது. பிளக்கைப் பழைய சைக்கிள் டியூப் துண்டில் நுழைத்து இரு பக்கமும் மடக்கிக் கட்ட வேண்டும். மாற்று டியூபைப் பவுடர் போட்டுத் துணியில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். ஸ்பேனர் மேல் பட்டால், பஞ்சராகாத டியூப் பைக்குள்ளேயே பஞ்சராகும். செயின் லாக்கை நூலில் கோத்து வைக்க வேண்டும், தனியே கிடந்தால் அவசரத்தில் மண்ணில் விழும். மாட்டும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். மீன் தலையை முன்னால் வைத்து நீந்துகிற மாதிரி. திருப்பிப் போட்டால் எதிலாவது இடித்துக் கழன்று போகும். எல்லாவற்றுக்கும் மேலே ரெண்டு நூல் ஸ்பேனர், அதன் வாய் மேல்பக்கம் பார்த்து. மற்றவை எல்லாம் வாய் கீழே. இருட்டில் பையைத் தொட்ட உடனே கைக்கு அது தெரிய வேண்டும்.

மற்ற வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. மைசூரில் செய்த ஜாவா, பின்னால் யெஸ்டி என்று பெயர் மாறியது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடுகிற டூ ஸ்ட்ரோக். அதை ஓட்டுகிறவர்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ பிளக் இருக்கும். போலந்து வண்டியைப் பார்த்துச் செய்த ராஜ்தூத், பால்காரர்களுக்கென்றே பிறந்தது. பையெல்லாம் கிடையாது, பால் கேனில் தொங்கும் ஒரு கட்டிங் பிளேயரே எல்லாம் செய்யும். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதில் பெடலே இருந்தது, என்ஜின் நின்றால் சைக்கிளாக மிதித்து வீடு போகலாம். அதைவிட நல்ல டூல் கிட்டை நான் பார்த்ததில்லை.

1984, 85-ல் ஜப்பான்காரர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். இண்ட் சுசூகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100. எங்கள் கடையில் முதல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து நின்றபோது மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெய்க் கசிவே இல்லை. "இதுக்கு வேர்க்கவே வேர்க்காதா?" என்றார். ரெண்டு நூல் அதில் எங்கேயும் உட்காரவில்லை. நாங்கள் சேர்த்து வைத்திருந்த மெட்ரிக்கிலும் 11, 13 எல்லாம் சும்மா கிடந்தன. ஜப்பான் வண்டி கேட்டது 8, 10, 12, 14, 17. ஸ்க்ரூவின் தலையில் பிளஸ் குறி இருந்தது, நம் திருப்புளி அதில் சரியாக இறங்காமல் நழுவி மழுங்கடித்தது. ஜப்பானியர் அந்தக் குறியைக் கொஞ்சம் வேறு விதமாக வெட்டுகிறார்கள் என்பது தெரியாமல் எத்தனை ஸ்க்ரூவை நாசம் செய்தோமோ. பூட்டுகிறபோது அந்த வண்டிக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அங்கிருந்துதான் பை சிறுத்தது. கான்வாஸ் போய் ரெக்சின் வந்தது, ரெக்சின் போய் பிளாஸ்டிக் உறை வந்தது. உள்ளே பிளக் ஸ்பேனர், இருமுனைத் திருப்புளி, தகட்டில் வெட்டிய இரண்டு ஸ்பேனர். ஒருமுறை நட்டில் வைத்து அழுத்தினால் வாய் அகன்றுவிடும் சரக்கு. கம்பெனிகளை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அதற்குள் ரோடு மாறிவிட்டது. முன்பு புளியமரம் மட்டும் இருந்த இடத்தில், கம்பத்தில் பழைய டயரை மாட்டி பஞ்சர் கடை வந்தது, இரண்டு மைலுக்கு ஒன்று. அதில் பாதிப்பேர் எங்கள் மாதிரிக் கடைகளில் பையனாக இருந்து வெளியே போனவர்கள். வண்டிக்காரர் பையிலிருந்த ஸ்பேனர் எல்லாம் ரோட்டோரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நான்குவழிச் சாலை போட்டபோது அந்தக் கடைகளையும் மரங்களோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். எங்கள் கடையும் ஒரு தெரு உள்ளே தள்ளி வந்தது அப்போதுதான்.

புல்லட்டும் மாறியது. பாயிண்ட் போய் மின்னணுப் பொறி வந்தது, கிக்கருக்குப் பதில் பித்தான். 2009 வாக்கில் என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூடாகிவிட்ட புது என்ஜின். டேப்பட்டைத் தானே சரிசெய்துகொண்டது, விரல் வைக்க இடமில்லாமல் போயிற்று. அதற்குள் மேஸ்திரி போய்ச்சேர்ந்துவிட்டார். பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. ராத்திரி ரோட்டில் குந்தியிருப்பதில் என்ன பெருமை? பழைய வண்டிதான் வண்டி என்று கடைக்கு வந்து பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களில் அநேகம் பேர் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்காதவர்கள்.

போன மாதம் வளவனூர்த் தலைமையாசிரியரின் பேரன் வந்தான். புது புல்லட். லடாக் போகிறானாம், நான்கு பேர் சேர்ந்து. மொபைலில் ஒரு பட்டியல் வைத்திருந்தான், முப்பத்தெட்டு சாமான். வாங்கியும் விட்டான். பெரிய சாக்கெட் செட், மல்டிமீட்டர், எதற்கென்றே தெரியாத இரண்டு கருவிகள். தூக்கிப் பார்த்தேன், பத்துக் கிலோவுக்குக் குறையாது.

"பஞ்சர் ஒட்டத் தெரியுமா தம்பி?"

"வீடியோ பார்த்திருக்கேன் அங்கிள்."

வண்டியை ஸ்டாண்டில் போடச் சொல்லிப் பின்சக்கரத்தைக் கழற்ற வைத்தேன். ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே டியூப். இதில் மட்டும் ஐம்பது வருஷமாக ஒன்றும் மாறவில்லை. லீவர் போட்டு டயரின் விளிம்பைத் தூக்கும்போது மூன்று தடவை டியூபைக் கிள்ளினான், நான்காவதில் சரியாக வந்தது. உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயும் வரை காத்திருக்கச் சொன்னால் பொறுமையில்லை, ஈரத்திலேயே ஒட்டினான், பிய்ந்து வந்தது. மறுபடி. மதியம் ஆகிவிட்டது. அப்புறம் முப்பத்தெட்டைப் பரப்பி, வண்டியின் எந்தப் போல்ட்டிலும் பொருந்தாதவற்றை ஒதுக்கினோம். மிச்சத்தோடு இரண்டு டியூப், கால் பம்பு, கிளட்ச் கேபிள், ஃபியூஸ், கட்டுக்கம்பி, எம் சீல். பிளக்கை டியூப் துண்டில் நுழைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவன் கேபிளைப் பழைய கேபிளோடு படுக்கவைத்து டேப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் உள்ளே போய் பார் சோப்பில் பாதியை வெட்டிவந்து பையில் போட்டேன்.

"இது எதுக்கு அங்கிள்?"

"உங்க தாத்தா பையில இருக்கும். கை கழுவிக்க."

சிரித்துக்கொண்டே எழுந்தவன் சுவரில் தொங்கிய காக்கிப் பையைப் பார்த்துவிட்டான். தொட்டதும் கையில் வந்தது ரெண்டு நூல்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டியின் ஒரு போல்ட்டில் வைத்துப் பார்த்தான்.

"இது பதிமூணா, பதினாலா?"

"ரெண்டும் இல்ல. ரெண்டு நூல்."

போட்டோ எடுத்துக்கொண்டான். இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். வீட்டைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான், ஆனால் வாயைக் கீழே வைத்துச் செருகினான். வண்டி தெரு திரும்பும் வரை காத்திருந்து, எடுத்துத் திருப்பி வைத்தேன்.